சட்டைப்பைக்குள் என் கணினி

பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று சித்தூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். ஒரு எஸ்எஸ்டி, அதைப் போட்டுக்கொள்ள ஒரு கேஸ், ஒரு யூஎஸ்பி கேபிள். இந்த மூன்றும் இருந்தால் போதும். லேப்டாப்பில் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் விண்டோஸில் ஓர் எழுத்தைக்கூட அழிக்க வேண்டியதில்லை. வெளியே செருகிய டிஸ்கிலிருந்தே கணினி எழுந்து வரும். அது எழுந்து வருகிற வேகத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. செலவு? ஒரு புது லேப்டாப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

என்னிடம் இருப்பது தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினி. ஆந்திரத்துக்காரனிடம் அது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாமே இப்படித்தான். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. கோடு மாறினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை. என் அக்காவைத் திருத்தணியில் கொடுத்தோம். அக்கா மகள் அங்கே பிளஸ் டூ படித்தபோது இந்த லேப்டாப் அவளுக்குக் கிடைத்தது. அந்தத் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது, திருத்தணி இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். படித்து முடித்து அவள் வேலைக்குப் போய், புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். "மாமா, இது சும்மாத்தான் கிடக்கு, நீங்க வச்சுக்குங்க" என்று ஒரு தீபாவளிக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனாள்.

2 ஜிபி நினைவகம். 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அதன் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். எனக்கோ தொழில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் டிசைன் போட்டுத் தருவது. முகூர்த்த மாதங்களில் இப்படி ஒரு கணினியோடு மல்லுக்கட்ட முடியுமா?

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடியான விஷயத்துக்கு வருகிறேன். பழசாகிப்போனது கணினி அல்ல, உள்ளே சுழலும் தட்டு மட்டும்தான்.

அந்த ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்கிறது. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் முள் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு துண்டுத் தகவலை எடுக்கப் பதினைந்து மில்லி செகண்ட் அளவில் ஆகிவிடும். நொடிக்கு அறுபது, எழுபது துண்டு. அவ்வளவுதான். கணினி எழுந்து நிற்பதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை டிஸ்கின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். பிராசஸர் பாவம், வேலை செய்யத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறது! எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முள் இல்லை. கேட்ட துண்டைக் கேட்ட மாத்திரத்தில், மில்லி செகண்டில் சின்னப் பங்கு நேரத்தில் கொடுத்துவிடும்.

"என் லேப்டாப்பில் பழைய யூஎஸ்பிதானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். என்னுடையதில் நான் செருகுவதும் யூஎஸ்பி 2.0 துளைதான். ஏட்டில் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35, 40 எம்பி கிடைத்தால் அதிகம். ஒரு பெரிய சினிமா ஃபைலை நகலெடுக்கும் போட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கே ஜெயித்துவிடும். அப்படியும் பூட் ஆவதில், அதாவது கணினி எழுந்து வருவதில், இந்த மெதுவான துளைவழி வரும் எஸ்எஸ்டி அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்றால், காத்திருப்பு என்பதுதான் நம்மை இத்தனை காலம் வதைத்திருக்கிறது என்று புரிகிறதல்லவா? உங்கள் லேப்டாப்பில் உள்பக்கம் நீல நிறமாக ஒரு யூஎஸ்பி துளை இருந்தால் அநேகமாக அது 3.0. நொடிக்கு 5 ஜிகாபிட் வரை போகும். அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் எம்எக்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கிக்கொண்டேன். விலை கிடையாது, லைசென்ஸ் எண் கிடையாது. டெபியன் என்ற பெரிய லினக்ஸின் மேல் கட்டியது. பழைய கணினிகளுக்கென்றே உழைக்கும் ஆன்டிஎக்ஸ் குழுவும் மெபிஸ் என்ற பழைய லினக்ஸின் அன்பர்களும் சேர்ந்து 2014-இல் தொடங்கியது. அந்த ஐஎஸ்ஓவை விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைக் கொண்டு ஒரு பென்டிரைவில் எழுதினேன். லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, பட்டனை அமுக்கியதும் பூட் மெனு கீயைத் தட்டினேன். கம்பெனிக்குக் கம்பெனி இந்த கீ மாறும். டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசஸில் எஸ்கேப். தட்டியவுடன் எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கணினி ஒரு பட்டியல் காட்டும். அதில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

பென்டிரைவிலிருந்து எழுந்த எம்எக்ஸுக்குள்ளேயே லைவ் யூஎஸ்பி மேக்கர் என்றொரு கருவி இருக்கிறது. எஸ்எஸ்டியைக் கேபிளில் செருகி, அந்தக் கருவியிடம் கொடுத்தேன். இங்கே மட்டும் கண்ணை நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று கேட்கும்போது கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு உள்ளே 320, வெளியே 240. குழப்பத்துக்கே இடமில்லை. எழுதி முடித்ததும் அந்த எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்து, செய்த மாற்றங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் 'பெர்சிஸ்டென்ஸ்' வசதியை இயக்கினேன். அதில் பல வகை உண்டு. நினைவகம் குறைவாக இருப்பவர்கள், மாற்றங்களை உடனுக்குடன் நேராக டிஸ்கிலேயே எழுதும் 'ஸ்டாட்டிக்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட மென்பொருள், சேமித்த ஃபைல், மாற்றிய வால்பேப்பர் எல்லாம் அடுத்த முறையும் அப்படியே இருக்கும்.

நிறுவாமலே டிஸ்கிலிருந்து ஓடும் இந்த லைவ் முறையில் இன்னொரு அழகு உண்டு. இயங்குதளம் முழுவதும் சுருக்கி அடைத்த ஒரே ஃபைலாக டிஸ்கில் இருக்கிறது. யூஎஸ்பி வழியே வருவது சுருங்கிய வடிவம். அதை விரித்துக்கொள்வது பிராசஸரின் வேலை. குறுகலான யூஎஸ்பி 2.0 பாதையில் குறைவான சுமை! இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிராசஸருக்கும் வேலை. யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அன்று திரை எழுந்து வந்ததும் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தேன். திறந்தது. லிப்ரே ஆபீஸைத் திறந்தேன். அதுவும் திறந்தது. "திறந்தது" என்கிற இந்தச் சாதாரண வார்த்தையை எழுதும்போதே எனக்கு இனிக்கிறது. ஹார்ட் டிஸ்க் சுழலும் அந்தக் கரகர ஓசையும் ஓய்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் டிஸ்கை இயங்குதளம் இப்போது கேட்பதே இல்லை.

அடுத்து என் தொழில். தமிழ்99 விசைப்பலகை எனக்குக் கைப்பழக்கம். 1999-இல் சென்னை மாநாட்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அதே அமைப்பு, இங்கே ஐபஸ் என்ற கருவியில் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கு அடுத்து தெலுங்குக்கு இன்ஸ்கிரிப்ட். ஒரு குறுக்கு விசையில் தமிழிலிருந்து தெலுங்குக்கும் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கும் தாவலாம். நோட்டோ, லோகித் எழுத்துருக்கள் இரண்டு மொழிக்கும் இலவசம். இங்க்ஸ்கேப் என்ற டிசைன் மென்பொருளில் "திருமண அழைப்பிதழ்" என்று மேலே தமிழிலும் அதற்குக் கீழே கல்யாண வாசகங்களைத் தெலுங்கிலும் போட்டேன். கொம்பு, துணைக்கால் எதுவும் இடம் மாறாமல், தெலுங்கின் ஒத்தெழுத்துகள் அடியில் ஒழுங்காக ஒட்டி நின்றன. சித்தூரில் பாதிப் பத்திரிகைகள் இரண்டு மொழியில்தான் போகின்றன. பெண் வீடு தமிழ், பிள்ளை வீடு தெலுங்கு, இல்லையென்றால் இரண்டையும் வீட்டில் கலந்து பேசுகிறவர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

2 ஜிபியில் எல்லாம் நடக்குமா என்றால், ஒரு நேரத்தில் ஒரு பெரிய வேலை என்று வைத்துக்கொண்டால் தாராளமாக நடக்கிறது. எம்எக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ திரை எழுந்து நின்ற பிறகும் நினைவகத்தில் பாதிக்கு மேல் எனக்கு மிச்சம் இருக்கிறது. பிரவுசரில் ஏகப்பட்ட பக்கங்களைத் திறந்து போட்டுக்கொள்வதை மட்டும் தவிர்க்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை முழுப் பைத்தியமாக்கியது. திருப்பதி!

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். புதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் பஸ். இல்லையென்றால் பாகாலா வழியாக ரயில். அச்சடிக்கும் பிரஸ் அங்கே, வாடிக்கையாளர் பாதிப் பேர் அங்கே. திருமலையிலும் திருச்சானூரிலும் கல்யாணம் வைப்பவர்களுக்கு ஊர் ஊராக விருந்தினர். கடைசி நேரத்தில் ஒரு பெயர் விட்டுப்போய்விடும், முகூர்த்த நேரம் மாறிவிடும். முன்பெல்லாம் லேப்டாப், சார்ஜர் என்று தோள்பை கனக்கக் கிளம்புவேன். இப்போது சட்டைப்பையில் எஸ்எஸ்டி மட்டும். உள்ளங்கைக்குள் அடங்கும், செல்போனைவிடச் சின்னது.

திருப்பதியில் தம்பி வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. என்னுடையதைவிடச் சில வருடம் இளையது. கணினியை எழுப்பும் விதத்தில் என்னுடையது பழைய பயாஸ் முறை. அவனுடையது புதிய யூஇஎஃப்ஐ. கம்பெனி வேறு, வைஃபை சிப் வேறு, திரை அளவு வேறு. டிஸ்கைச் செருகி, எஃப்12 தட்டி, தேர்ந்தெடுத்தேன். என் திரை வந்தது. என் வால்பேப்பர், என் எழுத்துருக்கள், முந்தின நாள் ராத்திரி சித்தூரில் பாதியில் விட்ட பத்திரிகை, எல்லாம் அப்படியே. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "கொத்ததா அண்ணா?" (புதுசா அண்ணா?) என்றான். தம்பி மனைவி, "மாமா, எங்க ஃபைல்லாம் போயிடலையே?" என்று பதறினாள். அணைத்துவிட்டு, கேபிளை உருவி, மறுபடி பட்டனை அமுக்கினேன். அவர்களுடைய விண்டோஸ் தன் பாட்டுக்கு வந்து நின்றது. பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று தேடிப் படித்தேன். லினக்ஸின் கருவான கெர்னல், விதவிதமான வன்பொருள்களுக்கான டிரைவர்களை மாட்யூல்களாகக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும், "இங்கே என்ன வைஃபை, என்ன கிராஃபிக்ஸ்?" என்று புதிதாக விசாரித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தன் டிஸ்கையும் எந்தத் துளையில் செருகியிருக்கிறார்கள் என்று பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கென்று உள்ள தனி அடையாள எண்ணால் கண்டுபிடிக்கிறது. அதனால் வீடு மாறினாலும் வழி தவறுவதில்லை. லைவ் யூஎஸ்பி மேக்கர் பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டு வாசலுக்கும் சாவி செய்து வைத்துவிடுகிறது.

வெளியிலிருந்து பூட் செய்வது புதுமையும் அல்ல. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்கே கிடையாது. ஃபிளாப்பியைச் செருகித்தான் எழுப்புவார்கள். 2000-இல் ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 'நாப்பிக்ஸ்' வெளியிட்டார். ஒரே ஒரு சிடி, உள்ளே முழு லினக்ஸ். சிடியைப் போட்டால் எழும், எடுத்தால் சுவடே இருக்காது. 2003-இல் பாரி காவ்லரின் பப்பி லினக்ஸ் வந்தது. அது தன்னை முழுக்க நினைவகத்திலேயே ஏற்றிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. மைக்ரோசாஃப்ட்கூட விண்டோஸ் 8 காலத்தில் நிறுவனங்களுக்கென்று 'விண்டோஸ் டு கோ' என்று இதே யோசனையைக் கொண்டுவந்தது. 2020-இல் அதை விலக்கிக்கொண்டது. லினக்ஸிலோ இது இன்றைக்கும் செழித்து வளர்கிறது.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். தமிழக அரசு கொடுத்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு இயங்குதளம். அதுவும் டெபியனின் மேல் கட்டியதே. அதாவது இன்று என் சட்டைப்பையில் இருக்கும் எம்எக்ஸின் சொந்தக்காரர் ஒருவர், லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் லேப்டாப்பில் அன்றைக்கே குடியிருந்தார். அக்கா மகளிடம் சொன்னேன். "ஆமா மாமா, ஆன் பண்ணும்போது ரெண்டு பேர் வரும், நாங்க எப்பவும் விண்டோஸ்தான் அமுக்குவோம்" என்றாள். அந்த இரண்டாவது பெயரைக் கூட இருந்து காட்டிக் கொடுக்க ஓர் ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆளாக நான் இருக்கலாமே என்றுதான் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீங்களும் செய்யப்போகிறீர்கள் என்ற நம்பிக்கையில் சில குறிப்புகள்.

சோதித்துப் பார்க்கப் பென்டிரைவ் போதும். தினப்படி வேலைக்கு எஸ்எஸ்டியே வாங்குங்கள். சின்னச் சின்னதாக ஓயாமல் எழுதும் வேலையில் சாதாரணப் பென்டிரைவ் திணறிவிடும். 120 அல்லது 240 ஜிபி தாராளம்.

கேபிள் குட்டையாக, உறுதியாக இருக்கட்டும். லேப்டாப்பின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவவே கூடாது. முறையாக ஷட்டவுன் செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பூட் மெனுவில் டிஸ்க் தெரியவில்லை என்றால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். சற்றுப் புதிய லேப்டாப்புகளில் செக்யூர் பூட் என்றொரு காவல் இருக்கும். செட்டப்புக்குள் போய் அதை அணைக்க வேண்டி வரலாம். அந்தக் கணினியின் விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற பொருள். தொலைந்தால்? அதனால் டிஸ்குக்குக் கடவுச்சொல் பூட்டு போடுங்கள், முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி வீட்டில் வைத்திருங்கள். கல்லூரி லேபிலோ அலுவலகத்திலோ இன்டர்நெட் சென்டரிலோ உரியவரைக் கேட்காமல் செருகாதீர்கள்.

என்னுடையதைவிடவும் பழையது, 1 ஜிபி நினைவகம்தான் என்றால் எம்எக்ஸுக்குப் பதில் ஆன்டிஎக்ஸ் போட்டுப் பாருங்கள். அத்தனை மெலிந்த இயங்குதளம்.

இதை இப்போது இவ்வளவு உரக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப், 4 ஜிபி நினைவகம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸர், இவையெல்லாம் இல்லாத லேப்டாப்புகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, பிராசஸர் கல்லு மாதிரி இருக்கிறது. அவற்றைக் குப்பை என்று யார் சொன்னது? ஒரு லேப்டாப்பைச் செய்யத் தோண்டியெடுத்த செம்பும் கோபால்ட்டும் எத்தனை, ஓடிய மின்சாரம் எத்தனை! அது உழைக்கத் தயாராக இருக்கும்போது தூக்கி எறிய நமக்கு மனசு வரக்கூடாது. ஆன்லைனில் பாடம் பார்க்கவும், புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும், பைத்தான் பழகவும் ஒரு மாணவனுக்கு அது போதும். திருப்பதியைச் சுற்றிலும் கல்லூரிகள்தான். 1954-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் முதல் 2015-இல் வந்த ஐஐடி வரை. சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளில் சொந்த லேப்டாப் வாங்க வழியில்லாதவர்களைத் தினம் பார்க்கிறேன். அவர்கள் கையில் ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு எஸ்எஸ்டியும் கொடுத்தால் படிப்பு முடியும்வரை உழைக்கும். நாளைக்கு அந்த லேப்டாப்பே போனாலும் டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருப்பதை இறக்குங்கள். தூசி தட்டி, சார்ஜரைக் குத்தி, பூட் மெனு கீ எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கைவசம் இருக்கும் ஒரு பென்டிரைவில் உள்ளதை வேறிடம் மாற்றிவிட்டு, அதில் லினக்ஸை எழுதிச் செருகிப் பாருங்கள். இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு உருவிவிடுங்கள். ஆனால் எனக்குத் தெரியும், நீங்கள் உருவ மாட்டீர்கள். எஸ்எஸ்டி வாங்கக் கடைக்குத்தான் கிளம்புவீர்கள்.